ஒரே ஆள்தானா?

சாயங்காலம் ஆறே முக்கால். ஜனவரி மாதம். கேரள எல்லையோரம், குன்னத்துகாலில் மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வழி உள்ளே போகும். ஒன்றரைக் கிலோமீட்டர். இடையில் வீடு இல்லை. விளக்கு இல்லை. இலை உதிர்கிற காலம் வேறு... டயருக்கு அடியில் சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். வண்டியை நிறுத்தினால் அதுவும் இல்லை.

அந்த வழியில்தான் ஷிஜு தனியாக பைக்கில் போனான்.

ஷிஜு என் சிநேகிதன். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. கதை கட்டுகிற ஆள் கிடையாது. நடந்தது அவனுடைய அக்கா ரெஜிலாவுக்கு. கொஞ்சம் என் கண்ணாலேயே கண்டேன். மிச்சம் ஷிஜு சொன்னது.

இதை நான் சொன்னது உதியன்குளங்கரையில், என்னுடைய மொபைல் கடைக்குள். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். நல்ல மழை. கரண்டு இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் ஒரே எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான், பக்கத்து பேக்கரி மோகனன் அண்ணன், மழைக்காக பைக்கை நிறுத்திவிட்டு ஒதுங்கிய விபின். விபினுக்குப் போன மாதம்தான் அப்பா இறந்தார். அவனுடைய போன் தானாகவே அப்பாவின் படங்களைக் கோர்த்து, பாட்டுப் போட்டு, வீடியோவாக்கிக் காட்டியதாம். "இதுக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கியது, கனகண்ணா?" என்று என்னிடம் கேட்டான்.

அதற்குத்தான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ரெஜிலா அன்றைக்கு நாலரை மணிக்கு ஷிஜுவைக் கூப்பிட்டிருக்கிறாள். "ஷிஜு, நீ ஒண்ணு வா. போன்ல பறைய முடியாது. வந்து கண்டாத்தான் நம்புவ." அழுகை இல்லை. பதற்றம் இல்லை. கரண்டு பில் கட்ட நாளாகிவிட்டது என்று சொல்வது போன்ற குரல்.

அவள் குரல் எட்டு வருஷமாக அப்படித்தான்.

எட்டு வருஷம் முடிந்து ஒன்பது ஆகப்போகிறது, அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து. ஒன்பது நாள்... கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பத்தாம் நாள் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. ரெஜிலா ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழ முடியாத நிலையில் இருந்ததால் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. அவள் கணவர் எபின் தன் போனில் எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது. அந்தப் போனும் அன்றைக்கே கிணற்றில் விழுந்துவிட்டது என்று எபின் வந்து சொன்னார். அத்தோடு சரி. பிறகு பிள்ளை இல்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

எபின் செங்கல் லாரி ஓட்டுகிறார். காலையில் போனால் ராத்திரிதான் வருவார். ரெஜிலாவுக்கு வீட்டிலிருந்தே ஒரு கம்ப்யூட்டர் வேலை. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி. மெஷினுக்கு ஆளை அடையாளம் காணப் பழக்குகிறார்கள். ஸ்கிரீனில் இடப்பக்கம் ஒரு முகம் வரும், வலப்பக்கம் ஒரு முகம் வரும். கீழே ஒரு கேள்வி: ஒரே ஆள்தானா? ஆம், இல்லை என்று இரண்டு பட்டன். அமுக்கினால் அடுத்த ஜோடி. அதே ஜோடி வேறு ஊர்களில் இதே வேலை செய்கிறவர்களுக்கும் போகும். ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடி. யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்க வேண்டாம் என்பதுதான் அவளுக்கு அந்த வேலையில் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போதும் விரல் துடிக்கும் என்று ஷிஜுவிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். முன் பெஞ்சில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்... இல்லை. இல்லை. இல்லை.

ஷிஜு பைக்கை முற்றத்தில் நிறுத்தினான். ரப்பர் ஷீட் காய்கிற புளித்த வாடை. வீட்டில் விளக்குப் போடவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம் மட்டும்... டிக். டிக். டிக். ஒரே அளவில். மவுஸ் சத்தம்.

"அக்கா?"

"வா. செருப்ப அங்கே போட்டுட்டு வா." அவள் திரும்பவில்லை. முகத்தில் ஸ்கிரீன் வெளிச்சம். கை நிற்கவில்லை. "இரி. இப்ப வரும்."

"எது வரும்?"

"ஆறு நாளாட்டு வருது. விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு தடவ கண்டிப்பாட்டு வரும்."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகங்கள் வந்தன, போயின. கிழவர், கிழவர். வெள்ளைக்காரி, வெள்ளைக்காரி. டிக். டிக். சட்டென்று சத்தம் நின்றது.

இடப்பக்கம் ஒரு குழந்தை. பச்சை ஆஸ்பத்திரித் துணி. மேலுதட்டில் பால் கொப்புளம். வலது காதின் மேல்விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது.

ஷிஜு அந்தக் குழந்தையைத் தன் இரண்டு கையிலும் ஏந்தியவன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது முதலில் வாங்கியது அவன்தான். காது அப்படி மடங்கியிருப்பதை அன்றைக்கு அவன்தான் எபினிடம் காட்டினான். "இது உங்க காதாக்கும் அத்தான்" என்று.

வலப்பக்கம் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இரட்டைச் சடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது காது மடங்கியிருந்தது.

கேள்வி கீழே நின்றது. ஒரே ஆள்தானா?

ரெஜிலா 'இல்லை'யை அமுக்கினாள். ஸ்கிரீனின் மேலே சிவப்பாக ஒரு கோடு வந்தது. உங்கள் விடை மற்றவர்களின் விடையோடு பொருந்தவில்லை. இதுவரை பார்த்தவர்கள் ஆறு பேர். ஆம் என்றவர்கள் ஆறு பேர். மூலையில் அவளுடைய மார்க் தொண்ணூற்றாறிலிருந்து கொஞ்சம் இறங்கியது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கும் ஆள் கிடையாது. தானாகவே பூட்டிக்கொள்ளும்.

"அக்கா... இது நம்ம..."

"ஓ. நம்ம பிள்ளதான்." அடுத்த ஜோடி வந்துவிட்டது. டிக். "முதல் நாளு எட்டு வருஷத்துக்குப் பெறவு அந்தப் படத்தைக் கண்டேன். அழுக வரும்னு நினைச்சேன். வரல்ல. கேள்விக்குப் பதில் குடுத்தேன்." டிக்.

ஷிஜு கம்பெனிக்கு எழுதச் சொன்னான். அவள் ஏற்கெனவே நான்கு தடவை எழுதியிருந்தாள். இது என் குழந்தையின் படம், உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று. நான்கு தடவையும் ஒரே நொடியில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, இந்தப் பதில் உங்களுக்குப் பயன்பட்டதா? அதற்குக் கீழேயும் இரண்டு பட்டன். ஆம், இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஷிஜு அந்த லேப்டாப்போடு அக்காவையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். இதோ, விபின் இருக்கிற இதே ஸ்டூலில்தான் ரெஜிலா உட்கார்ந்தாள்.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வைரஸ் இல்லை. அந்தப் படம் லேப்டாப்புக்குள் எங்கேயும் இல்லை. எல்லாம் கம்பெனியிலிருந்து வந்து அப்படியே போய்விடுகிறது. படம் எடுத்து வைக்கப் பார்த்தால் ஸ்கிரீன் கறுப்பாகிவிடும். அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். "எங்கேயாவது பழைய போன்லேருந்து இன்டர்நெட்டுல ஏறியிருக்கும், அக்கா. இப்பம் எல்லாம் தானே ஏறும்" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

"செரி" என்றாள். வேலையை ஆரம்பித்தாள். டிக். டிக்.

கால்மணி நேரம் இருக்கும். சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன்.

இடது பக்கம் அதே குழந்தை. வலது பக்கம் அதே பெண், இன்னொரு படத்தில். இந்தத் தடவை வெளியே, வெயிலில் நிற்கிறாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பின்னால் ரோடு. ஒரு பஸ்ஸின் பாதி. அதற்கும் பின்னால் ஒரு கடை போர்டு. நீலத்தில் மஞ்சள் எழுத்து.

என் கடை போர்டு.

அந்த போர்டை நான் மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

நான் வெளியே ஓடினேன். எதிர்ப்புறம் டீக்கடை வாசலில் இரண்டு பேர். ஆட்டோ. வெயில். பிள்ளை யாரும் இல்லை. திரும்பி வந்தபோது ரெஜிலா 'இல்லை'யை அமுக்கிவிட்டிருந்தாள். இதுவரை பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஆம் என்றவர்கள் ஒன்பது.

"பெறவு?" என்றார் மோகனன் அண்ணன். கட்டன் காப்பி கிளாஸ் அவர் கையில் ஆறிப்போயிருந்தது.

பிறகு என்ன... என் கடை வாசலில் கேமரா உண்டு. நான்கு நாள் பதிவையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் எங்கேயும் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு நாய் மட்டும் ரோட்டைக் கடந்து நேராக வந்தது. படத்தில் அவள் நின்ற இடத்துக்கு வந்ததும் ஒதுங்கிச் சுற்றிப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. சும்மா தரை.

அந்தச் சனிக்கிழமை எபினுக்குத் தெரிந்தது. லோடு இல்லாததால் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். ஷிஜுவும் அங்கே இருந்தான். விளக்கு வைக்கிற நேரம். படம் வந்தது.

எபின் பின்னால் நின்று பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இந்தப் படம் இருக்கியதுக்கு வழியில்ல" என்றார்.

"கிணத்துல போன போனு யாருக்காவது கிட்டியிருக்கும்" என்றாள் ரெஜிலா.

"போனு கிணத்துல போகல்ல." அவர் ஸ்கிரீனைப் பார்க்காமல் பேசினார். "எனக்க பாக்கெட்டுலதான் இருந்து. கல்லறைத் தோட்டத்துல நின்னுக்கிட்டு நானே அழிச்சேன். எங்கேயும் ஏத்தல்ல, யாருக்கும் அனுப்பல்ல. நீ நாளும் அதையே பாத்துக்கிட்டு இருப்பியேன்னு... அழிச்சேன் ரெஜிலா. பெறவு போனையும் வித்தேன்."

ஷிஜு அக்காவின் முகத்தைப் பார்த்தான். எட்டு வருஷம் அவளிடம் மறைத்தது. அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

"இதுக்கு நான் கோவப்படணும். எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "வரல்ல."

ஸ்கிரீனில் இரண்டு முகமும் நின்றுகொண்டிருந்தன. அன்றைய படத்தில் அந்தப் பெண் ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்றிருந்தாள். காலடியில் சருகு. செருப்பில்லாத கால். வீட்டுக்கு வருகிற வழி அது. மூலையில் மார்க் தொண்ணூற்றைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் பதினொன்று. ஆம், பதினொன்று. அந்தப் பதினோரு பேர் எந்த ஊர்க்காரர்கள், என்ன பாஷை பேசுகிறவர்கள், யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவரும் இரண்டு நொடி பார்த்து அமுக்கியிருப்பார்கள்.

"இல்லன்னு அமுக்கு" என்றார் எபின். "எனக்க கையால மண்ணு போட்டதாக்கும். இல்லன்னு அமுக்குடி."

"பதினோரு பேரு கண்டிருக்காவ." ரெஜிலா மவுஸ் மேல் கையை வைத்தாள். "நான் மட்டும் இல்ல இல்லன்னு பறஞ்சா அவ எங்க போவா?"

டிக்.

பச்சைக் கோடு வந்தது. நன்றி. இந்த நபர் உறுதி செய்யப்பட்டார்.

மூலையில் மார்க் நூறு.

அந்த ஜோடி அதற்குப் பிறகு வரவே இல்லை. ஒரு வாரம், பத்து நாள்... கிழவர்கள், வெள்ளைக்காரிகள். அவ்வளவுதான். முடிந்தது என்றுதான் ஷிஜு நினைத்தான். என்னிடமும் சொன்னான்.

பிப்ரவரியில் ஆரம்பித்தது. முதலில் ரெஜிலாவின் போன். பள்ளிக்கூடப் பை. கலர் பென்சில். தலைமுடிக்கு ரிப்பன். அவள் எதையும் தேடவில்லை. பிறகு எபினின் போனிலும் வந்தது. மூன்றாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற வீடியோ, வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாக ஓட ஆரம்பிக்கும். ஒரு நாள் லாரியை வழியில் நிறுத்திவிட்டு அதை முழுவதும் பார்த்தேன் என்று எபின் ஷிஜுவிடம் சொன்னார். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை என்றார்.

பிப்ரவரி பன்னிரண்டு. குழந்தை பிறந்த நாள். காலையில் துணி வாங்குகிற ஆப்பிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஜெனிஷாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்! ஒன்பது வயது ஆகிவிட்டதே!

எபின் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். "இது ஆரு ஜெனிஷா?"

ரெஜிலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

"நம்ம மகள்" என்றாள். "வயித்துல கிடக்கும்போ நான் மனசுக்குள்ள விளிச்ச பேரு. யாருகிட்டயும் பறஞ்சதில்ல. உங்ககிட்டயும் இல்ல."

தன் மகளுடைய பெயரை எபின் தெரிந்துகொண்டது அப்படித்தான். அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை முற்றத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாராம். அதன் பிறகு அவரும் எதற்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை. போன் எதைக் கேட்டாலும் இரண்டு பேரும் 'ஆம்' கொடுத்தார்கள். வீட்டில் குழந்தை உண்டா? ஆம். பெண் குழந்தையா? ஆம். ஷிஜு போய்ப் பேசிப் பார்த்தான். "அத்தான், நீங்களுமா இப்பிடி?" என்று கேட்டிருக்கிறான். "அதுல என்ன இருக்கு மக்கா? கேக்கியதுக்குப் பதில் சொல்லியோம். அவ்வளவுதான்" என்றார்.

அவர்கள் வருத்தமாக இருப்பதாகவும் தெரியவில்லை என்றான் ஷிஜு. சந்தோஷமாக இருப்பதாகவும் தெரியவில்லை. இரண்டு பேரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

மார்ச் மாதம் ஒரு செருப்பு. அதையே மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காட்டியது. சிவப்புப் பட்டை, முன்னால் ஒரு பூ. நான்காம் நாள் ரெஜிலா அதை வாங்கினாள். பெட்டி வந்தது. அவள் பிரிக்கவில்லை. ஒட்டியிருந்த டேப்போடு அப்படியே அலமாரிக்கு மேலே வைத்தாள். எதற்கு வாங்கினாய் என்று எபின் கேட்கவும் இல்லை.

பெட்டி வந்த ஐந்தாவது நாள், பகல் பதினோரு மணி. நல்ல வெயில். ஷிஜு அங்கே குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். அதனால்தான் இது எனக்குத் தெரியும். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பார்சல் கொண்டுவருகிற சதாசிவன். ஐம்பது வயசு ஆள், அந்தப் பகுதி முழுக்க அவர்தான்.

"ரிட்டர்ன் உண்டல்லோ, சேச்சி. செருப்பு" என்றார்.

"நான் ஒண்ணும் திருப்பிக் குடுக்கப் போடல்லியே" என்றாள் ரெஜிலா.

அவர் போனைக் காட்டினார். ராத்திரி ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் போட்டிருந்தது. அவளுடைய பெயரில், அவளுடைய நம்பரில். காரணம் என்று ஒரு கட்டம். அதில்: சிறியதாக இருக்கிறது.

அன்றைக்கு லோடு இல்லாமல் வீட்டிலிருந்த எபின் உள்ளே போய் அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை எடுத்துவந்தார். டேப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. ஷிஜு அதைப் பார்த்தான். சதாசிவனும் பார்த்தார். பொருளைச் சோதித்துப் படம் எடுத்து அனுப்பினால்தான் ஆப் வாங்கச் சொல்லும். அதனால் அவரே பிளேடால் கீறிப் பெட்டியைத் திறந்தார்.

திறந்ததும் சேற்று வாடை.

சதாசிவன் செருப்பை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, படம் எடுத்தார். போன் ஒரு நொடி யோசித்தது. பிறகு டிங் என்று ஒரு சத்தம். "எடுக்க மாட்டாவ, சேச்சி" என்றார். முகத்தில் எரிச்சல்தான் இருந்தது. வேறொன்றும் இல்லை. "உபயோகிச்ச பொருளுன்னு காட்டுது. இது பிள்ள இட்டு நடந்ததாக்கும். பாருங்க, குதிகாலு தேஞ்சிருக்கு." செருப்பைப் படியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எபின் ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்தார். உள்பக்கத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. பெருவிரல் இருந்த இடத்தில் பட்டை விண்டிருந்தது. அடியில் செம்மண் அப்பியிருந்தது. அவர் விரலால் தொட்டார். ஈரம்.

அந்தப் பக்கம் மழை பெய்து நாற்பது நாளாகியிருந்தது.

ரெஜிலா வந்து அவர் கையிலிருந்து செருப்பை வாங்கினாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். படியில் ஜோடியாக, வாசலைப் பார்த்து வைத்தாள். எபினின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஒரு சைசு கூட்டி ஆர்டர் போடுங்க" என்றாள். "பிள்ளைக்கு விரலு நொந்திருக்கும்."